ஒரு கிண்ணமும் எடுக்காதவர் முதலிடம்: எங்கள் டெனிஸ் தரவரிசையில் என்ன பிழை?

முறிகண்டிக்கச்சான் (கிளிநொச்சி)

உதைபந்தும் ஓவர் கேம் கரப்பந்தும் அலசுகிற இந்தக் கருத்துக்களப் பகுதிக்குள் டெனிஸைக் கொண்டுவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் நாங்கள் 22 பேர் ஒரே ஒரு சீமெந்துக் கோர்ட்டில் பின்னேரங்களில் ஆடுகிறோம். ஆசிரியர்கள், ஒரு வங்கிக்காரர், இரண்டு டொக்டர்மார், ஒரு லொறிக்கார அண்ணை, வயல் செய்கிற நாலைந்து பேர், ஐந்து பெண்கள். ஆக இளையவருக்கு 24 வயது. மூத்தவர் ஓய்வுபெற்ற அதிபர் சேர், 66. போன வருடம் மாதாந்தப் போட்டி என்று ஒன்பது வைத்தோம். ஒவ்வொன்றும் 16 பேர் டிரோ (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை), தோற்றால் வெளியே. வென்றவருக்கு 100 புள்ளி, இறுதியில் தோற்றவருக்கு 60, அரையிறுதியில் 35, காலிறுதியில் 20, முதல் சுற்றிலேயே தோற்றாலும் 10. சி.ஆர். கொப்பியில் எழுதி வைக்கிற வேலை என்னுடையது.

வருட முடிவில் கூட்டிப் பார்த்தால் முதலிடம் வங்கிக்கார நண்பருக்கு, 305 புள்ளி. ஒன்பதிலும் ஆடினார். இரண்டு இறுதி, மூன்று அரையிறுதி, நாலு காலிறுதி. கிண்ணம் ஒன்றும் இல்லை. இரண்டாமிடம் லொறிக்கார அண்ணைக்கு, 300. அவர் ஓட்டத்துக்குப் போகாத மூன்று மாதம்தான் ஆடினார். மூன்றையும் வென்றார். அந்த மூன்றிலும் வங்கிக்காரரையும் வென்றார்.

பரிசளிப்பன்று அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. கைதட்டிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு தம்புள்ளைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் கொப்பியைத் திறக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. கூட்டலில் பிழை இல்லை, மூன்று தரம் பார்த்துவிட்டேன். அப்போ எங்கே பிழை?


தட்டிவான் (புதுக்குடியிருப்பு)

பிழை எங்கேயும் இல்லை தம்பி. ஒன்பது மாதமும் வந்து கோர்ட்டைக் கூட்டி, நெற்றைக் கட்டி, தோற்றாலும் அடுத்த மாதம் வந்து நின்ற மனிசனுக்கு முதலிடம் கொடுத்தால் என்ன குறைந்துவிட்டது? மூன்று நாள் வந்து மூன்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குக் கிண்ணமே காணும். எல்லாரும் அண்ணையைப் போல வந்தால் உங்களுக்குப் போட்டியே இருக்காது.


கணக்குவாத்தி (வவுனியா)

தட்டிவான் அண்ணை சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதியைச் சொல்கிறேன்.

"இந்த வருடம் அதிகம் சாதித்தவர் யார்?" என்பது ஒரு கேள்வி. "நாளைக்கு இந்த இரண்டு பேரும் ஆடினால் யார் வெல்வார்?" என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் தரவரிசை. இரண்டாவதற்குப் பதில் ரேட்டிங். உங்கள் கொப்பி முதலாவதற்கான புள்ளியைக் கூட்டியது. வாசித்த சனம் இரண்டாவதற்கான பதில் என்று நினைத்துக்கொண்டது.

தரவரிசைக்குள்ளேயும் எப்படிக் கூட்டுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. நீங்கள் செய்தது முழுக் கூட்டல். அதில் வருகை வெல்லும். தொழில்முறை ஆண்களுக்கான ஏ.டி.பி. தரவரிசை 1973 ஆகஸ்டில் தொடங்கியபோது சராசரிதான் எடுத்தார்கள். எத்தனை போட்டி ஆடினாரோ அதால் பிரித்தார்கள். உங்கள் கணக்கில் சராசரி எடுத்தால் அண்ணைக்கு 100, வங்கிக்காரருக்கு 34 கூட வராது. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சராசரியில் ஒரு வியாதி இருக்கிறது: முன்னுக்கு நிற்கிறவர் ஆடப் பயப்படுவார். ஆடினால் இறங்கக்கூடும், வீட்டில் இருந்தால் இறங்காது. 1990இல் அதைக் கைவிட்டு, 52 வாரத்துக்குள் கிடைத்த சிறந்த முடிவுகளை மட்டும் கூட்டுகிற முறைக்குப் போனார்கள்.

நீங்களும் சிறந்த நாலை மட்டும் எடுத்துப் பாருங்கள். வங்கிக்காரர் 60, 60, 35, 35, மொத்தம் 190. அண்ணை மூன்றே ஆடியும் 300. தொடர்ந்து வருகிறவருக்கும் இதில் நட்டமில்லை. மோசமான நாட்களைக் கழித்துவிடலாம், அவ்வளவுதான்.


இரட்டைப்பிழை (அறிவியல்நகர்)

வாத்தியார், நானும் அந்த 22 பேரில் ஒருவன்தான். கச்சான் அண்ணை ஒரு விசயத்தை எழுதவில்லை. எங்கள் சீட் (கெட்டிக்காரரை டிரோவில் பிரித்து வைக்கிற வரிசை) போடுகிற முறையைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதல் சீட் அதிபர் சேருக்கு, மரியாதைக்காக. இரண்டாவது பெரிய டொக்டருக்கு. மூன்றிலிருந்துதான் புள்ளி பார்ப்போம். சேருக்கு 66 வயது, முழங்கால் வேறு சரியில்லை. அவரோடு ஒரே பக்கத்தில் விழுகிறவருக்கு அதிர்ஷ்டம், அரையிறுதி வரை வழி திறந்து கிடக்கும்.


முறிகண்டிக்கச்சான்

தம்பி, அதை ஏன் இங்கே இழுக்கிறாய். சரி, உண்மைதான். சேரிடம் போய் "உங்களுக்கு இனிச் சீட் இல்லை" என்று யார் சொல்வது?


பாலைப்பழம் (கிளிநொச்சி)

சேரிடம் நான் சொல்கிறேன், அவர் என்னுடைய பழைய அதிபர். கோபிக்க மாட்டார். நீங்கள்தான் அவருக்குப் பதிலாகக் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சீட் மரியாதைக்குக் கொடுக்கிற பொன்னாடை இல்லை. கெட்டிக்காரர் இரண்டு பேர் முதல் நாளே மோதி ஒருவர் வீட்டுக்குப் போகாமல் இருக்கத்தான் அது. ஒன்றாம் சீட் டிரோவின் மேல் முனையில், இரண்டாம் சீட் கீழ் முனையில். மூன்றும் நாலும் திருவுளச்சீட்டில் எந்தப் பாதி என்று முடிவாகும். எங்கள் கோர்ட்டில் நடந்தது என்ன? லொறிக்கார அண்ணை இடையில் வராததால் புள்ளி குறைவு, அதனால் சீட் இல்லை. பங்குனிப் போட்டியில் முதல் சுற்றிலேயே சின்ன டொக்டருக்கு எதிராக விழுந்தார். அன்றைக்குப் பார்த்ததில் அதுதான் நல்ல ஆட்டம், காலை எட்டு மணிக்கு, பார்க்க நாலு பேர். இறுதியாட்டம் 6-1, 6-0.


லாசப்பல்வாசி (பாரிஸ்)

நான் மல்லாவிப் பக்கம், இப்போது பாரிஸில் 19 வருடம். 40 வயதுக்குப் பிறகுதான் ராக்கெட் பிடித்தேன். இங்கே கழகத்தில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தால் உங்களுக்கும் ஒரு எண் வரும். எனக்கு 30/3. பார்த்தால் பஸ் இலக்கம் மாதிரி இருக்கும், ஆனால் அது ஒரு கேமுக்குள் 15, 30, 40 என்று ஏறுகிற டெனிஸ் ஸ்கோரிலிருந்து வந்தது. அடியில் தரமில்லாதவர், பிறகு 40, பிறகு 30/5 தொடங்கி 30/1 வரை, அதற்கு மேல் 30, பிறகு 15/5 என்று ஏறும். இன்னும் மேலே 15, 5/6, 4/6 என்று போய் 0, அப்புறம் கழித்தல் -2/6, -4/6, -15. பழைய காலத்தில் வலியவருக்கும் எளியவருக்கும் சமன் செய்து ஆடுவார்கள். 5/6 என்றால் ஆறு கேமில் ஐந்தில் ஒரு புள்ளி முன்கூட்டியே எடுத்துக்கொண்டு தொடங்கலாம். -15 காரர் கடனோடு தொடங்குவார். அந்தச் சலுகையின் பெயர்தான் இன்றைக்குத் தரமாக நிற்கிறது.

இங்கே யாரை வென்றாய் என்பதுதான் கணக்கு. எந்தச் சுற்று வரை போனாய் என்பது முக்கியமில்லை. சம தரத்தவரை வென்றால் 60. ஒரு படி மேலே உள்ளவரை வென்றால் 90, இரண்டு படி அல்லது அதற்கு மேல் என்றால் 120. ஒரு படி கீழே 30, இரண்டு படி கீழே 20, மூன்று படி கீழே 15. நாலு படி கீழே உள்ளவரை எத்தனை தரம் வென்றாலும் பூச்சியம். உங்கள் வங்கிக்காரரின் வெற்றிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள், நிறையப் பூச்சியம் வரும் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்தது தோல்விக் கணக்கு. மேலே உள்ளவரிடம் தோற்றால் ஒன்றும் குறையாது. சமமானவரிடம் தோற்றால் ஒன்று கழியும், ஒரு படி கீழே உள்ளவரிடம் என்றால் இரண்டு, அதற்கும் கீழே என்றால் ஐந்து. மொத்த வெற்றியிலிருந்து இதெல்லாம் கழித்து மிச்சம் வருவதைப் பார்த்து, உன் வெற்றிகளில் எத்தனையைக் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்வார்கள். இதனால் என் கழகத்தில் சிலர் 40 தரத்துக்காரரைக் கண்டால் முதுகு பிடித்துவிட்டது என்பார்கள்.


தட்டிவான்

முதுகு பிடிக்கிற வியாதி எல்லா நாட்டிலும் உண்டு போல.


டோர்ட்முண்ட்மாமா (ஜெர்மனி)

இங்கே அதை வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். எங்களுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். 25தான் அடிமட்டம், எண் குறையக் குறையத் தரம் கூட. 2020இலிருந்து தசமத்தோடு வாராவாரம் கணக்குப் பார்க்கிறார்கள். வென்றால் எண் குறையும், தோற்றால் எண் ஏறாது. "ஆஹா" என்று நினைக்காதீர்கள். மாதம் 0.1 அளவில் தானாகக் கூடிக்கொண்டே இருக்கும். சும்மா வீட்டில் இருந்தால் ஒரு வருடத்தில் ஒரு படிக்கு மேல் கீழே போய்விடுவீர்கள். ஆகவே ஒளித்து விளையாட வழியில்லை, ஆடித்தான் ஆக வேண்டும். கச்சான் தம்பி, உங்கள் குழுவுக்கு இது நல்லது. வருகையும் கூடும், தோல்விப் பயமும் இருக்காது.


முறிகண்டிக்கச்சான்

மாமா, வயல் செய்கிறவர்களை என்ன செய்வது? புரட்டாதி, ஐப்பசியில் காலபோக விதைப்பு என்றால் அவர்கள் கோர்ட்டுப் பக்கமே வரமாட்டார்கள். பிறகு மாரி, கோர்ட்டே குளம். தை, மாசியில் வெட்டு. இரணைமடுவில் தண்ணீர் இருந்தால் சிறுபோகமும் செய்வார்கள். வருடத்தில் பாதி நாள் 0.1 ஏறிக்கொண்டே போனால் நல்ல விளையாட்டுக்காரன் எல்லாம் அடியில் கிடப்பான். பிறகு அவன் அடியிலிருந்து வந்து புதிதாகப் பழகுகிற பிள்ளைகளை 6-0 அடிப்பான். அந்தப் பிள்ளைகள் அடுத்த மாதம் வராது.


டோர்ட்முண்ட்மாமா

அது சரி. எனக்கு விதைப்பு நினைவில்லாமல் போய்விட்டது. 30 வருடம்.


ஸ்கார்பரோசித்தப்பா (ரொறன்ரோ)

இங்கேயும் தெற்கே அமெரிக்காவிலும் பெரியவர்கள் ஆடுகிற பொழுதுபோக்கு டெனிஸில் எல்லாரும் பேசுவது என்.டி.ஆர்.பி. எண். 1.0 இலிருந்து 7.0 வரை, அரை அரையாக. 3.0 என்றால் பந்தைத் திருப்பித் திருப்பிப் போடத் தெரிந்தவர். 4.0 என்றால் இரண்டாவது சேர்விஸையும் நம்பிப் போடுகிறவர். நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த 3.0க்கும் 4.0க்கும் நடுவிலேயே கிழடாகிப் போகிறோம். போட்டியையே 3.5 ஆண்கள், 3.0 பெண்கள் என்று பிரித்துத்தான் வைப்பார்கள். அந்தப் பிரிவுக்குள் எடுக்கிற புள்ளிக்குத் தனியாகத் தரவரிசை. வாத்தியார் சொன்ன இரண்டு கேள்விக்கும் அங்கே இரண்டு கணக்கு இருக்கிறது. எந்த அறைக்குள் ஆடலாம் என்பதை ரேட்டிங் சொல்லும். அறைக்குள் யார் முன்னுக்கு என்பதைத் தரவரிசை சொல்லும்.

இதிலும் கள்ளம் உண்டு. அமெரிக்க லீக்கில் புதிதாகச் சேர்கிறவர் தன் தரத்தைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். 4.0 காரன் 3.5 என்று எழுதிவிட்டு வந்து எல்லாரையும் விழுத்துவான். அதைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின்னால் கணினி நூறில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று தடவை வரம்பைத் தாண்டி ஆடிவிட்டால் அந்தத் தரத்திலிருந்து வெளியே. கள்ளனும் படித்தவன், 6-1 வெல்லக்கூடிய ஆட்டத்தை வேண்டுமென்றே 7-5 என்று இழுத்து வெல்வான்.

நம்ம ஊரில் நேர்மாறு. எல்லாரையும் தங்கள் தரத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள், கிளிநொச்சியில் 22 பேரும் 4.5.


பாலைப்பழம்

சித்தப்பா, ஆண்கள் 22 பேரும் என்று எழுதுங்கள். ஆண்களே 17தான் என்பது வேறு கதை. நாங்கள் ஐந்து பேரும் எங்களை 2.5 என்றுதான் எழுதுவோம், அதுவும் பிழை.

எங்களுக்கு இது விளையாட்டுக் கதை இல்லை. பெண்களுக்குத் தனித் தரவரிசை என்று போன வருடம் கேட்டோம், கொடுத்தார்கள். ஐந்து பேருக்குள் ஒரு வரிசை. நான் முதலாம் இடம். வருடம் முழுக்க அதே நாலு பேரோடு ஆடி முதலாம் இடம். அந்தப் பத்திரத்தை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். கலந்து ஆடும் பயிற்சியில் இரட்டைப்பிழைத் தம்பியை நான் இரண்டு தரம் வென்றிருக்கிறேன். அது எந்தக் கொப்பியிலும் இல்லை.

வாத்தியார், ஆண் பெண் என்று பார்க்காமல் ஒரே அளவுகோலில் எண் போடுகிற முறை இருக்கிறதா?


இரட்டைப்பிழை

இரண்டு தரம் இல்லை அக்கா, ஒன்று. மற்றது மழையால் நின்றது. 4-2 என்று நீங்கள் முன்னுக்கு நின்றது உண்மை.


கணக்குவாத்தி

இருக்கிறது தங்கச்சி. யு.டி.ஆர். என்று ஒன்று, 1இலிருந்து 16.5 வரை. வயது, ஆண், பெண், நாடு எதுவும் பார்க்காமல் எல்லாரும் ஒரே ஏணியில். அதன் அடிப்படை, கடைசி 12 மாதத்துக்குள் ஆடிய ஆட்டங்களில் அதிகமாக 30ஐ எடுத்து, எதிராளியின் தரத்துக்கு நீ எத்தனை கேம் எடுத்திருக்க வேண்டும், எத்தனை எடுத்தாய் என்று பார்ப்பது. பலசாலியிடம் 4-6, 4-6 தோற்றாலும் எண் கூடலாம். வெல்கிற ஆளுக்கு இது எரிச்சல், ஆனால் தோற்கிறவன் கடைசிக் கேம் வரை ஓடுவான். சர்வதேச டெனிஸ் சம்மேளனம் கொண்டுவந்த உலக டெனிஸ் எண் வேறு மாதிரி. 40 தொடக்கக்காரர், 1 உச்சம். அது கேமை எண்ணாது, கேம்கள் சேர்ந்த செற்றை எண்ணும். ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் தனித்தனி எண். சித்தப்பாவின் என்.டி.ஆர்.பி.யில் மட்டும் ஆண்களின் 4.0 வேறு, பெண்களின் 4.0 வேறு.

ஆனால் 22 பேருக்கு இந்த ஆலை தேவையில்லை. சதுரங்கத்தில் இருக்கிற ஈலோ முறையே காணும். ஆர்பாட் ஈலோ என்ற பௌதிகப் பேராசிரியர் போட்டுக் கொடுத்தது. அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இல் எடுத்துக்கொண்டது, உலகக் கூட்டமைப்பு 1970இல். எல்லாரும் 1500இல் தொடங்குங்கள். சமமான இரண்டு பேர் ஆடினால் வென்றவருக்கு 16 கூடும், தோற்றவருக்கு 16 குறையும். 200 வித்தியாசம் இருந்தால் மேலே உள்ளவர் நூற்றுக்கு 76 தரம் வெல்வார் என்று அந்தக் கணக்கு எதிர்பார்க்கும். எதிர்பார்த்தபடி வென்றால் அவருக்கு எட்டுத்தான். கீழே உள்ளவர் வென்றால் 24. ஒருவரிடமிருந்து எடுத்துத்தான் மற்றவருக்குக் கொடுக்கிறோம். அதனால் 22 பேரின் எண்ணையும் எப்போது கூட்டினாலும் 33,000 வரவேண்டும். வராவிட்டால் உங்கள் கூட்டலில் பிழை.

கச்சான் தம்பி, ஒன்பது டிரோத் தாளையும் படமெடுத்து அனுப்பும். நான் போட்டுப் பார்க்கிறேன்.


தட்டிவான்

இடையில் ஒரு கேள்வி. கிளிநொச்சியில் ராக்கெட்டுக்கு நரம்பு எங்கே கட்டுகிறீர்கள்?


முறிகண்டிக்கச்சான்

கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிடுவோம் அண்ணை. திரும்பி வர ஒரு கிழமை. நரம்பு அறுந்ததால் வராமல் போனவரின் புள்ளியைப் பற்றியும் வாத்தியார் சொன்னால் நல்லது.

தாள்களை அனுப்பியிருக்கிறேன். ஆடித் தாளில் தேநீர் ஊற்றுப்பட்டிருக்கிறது, ஸ்கோர் தெரியும்.


கணக்குவாத்தி

மூன்று இரவு எடுத்தது. விடை இது.

லொறிக்கார அண்ணை 1648. சின்ன டொக்டர் 1581. வங்கிக்காரர் 1537, ஆறாம் இடம். ஏன் இவ்வளவு கீழே என்று தாள்களைத் திரும்பப் பார்த்தேன். தோற்ற சுற்றை வைத்துப் பார்த்தால் அவருக்கு மொத்தம் 16 வெற்றி. அதில் ஐந்து உண்மையில் 'பை', ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. 16 பேர் டிரோ என்று போட்டாலும் 13, 14 பேர் வந்த மாதங்களில் சீட் உள்ளவருக்கு முதல் சுற்றில் எதிராளி இல்லை. ஒரு பந்தும் அடிக்காமல் காலிறுதி. அங்கே தோற்றாலும் உங்கள் அட்டவணை 20 புள்ளி கொடுத்திருக்கிறது. தொழில்முறைப் போட்டிகளில் பை கிடைத்தவர் தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றால், முதல் சுற்றில் தோற்றவருக்கான புள்ளியைத்தான் வழமையாகக் கொடுப்பார்கள். நீங்கள் கொடுத்தது இரட்டிப்பு. அவருக்கு அப்படி இரண்டு தரம் நடந்திருக்கிறது. அந்த 20ஐக் கழித்தால் 285. முழுக் கூட்டலிலேயே அண்ணைதான் முதலிடம்.


முறிகண்டிக்கச்சான்

ஐயோ.


தட்டிவான்

நான் வருகைக்காக வாதாடினேன், வராத எதிராளிக்காக வாதாடவில்லை. வாத்தியார் சொன்னதற்கு மேல் எனக்குக் கதையில்லை. வங்கிக்காரரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவர் அட்டவணை போடவில்லை.


லாசப்பல்வாசி

வோக் ஓவரையும், அதாவது எதிராளி வராமல் கிடைக்கிற வெற்றியையும், பார்த்துக்கொள்ளுங்கள். தரவரிசைப் புள்ளி கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் இஷ்டம். ரேட்டிங்கில் சேர்க்கவே கூடாது. நடக்காத ஆட்டத்திலிருந்து யார் பலசாலி என்று ஒன்றும் தெரியவராது.


இரட்டைப்பிழை

வாத்தியார், வவுனியாவிலும் நீங்கள் இதே கணக்கு வைத்திருக்கிறீர்கள்தானே? உங்கள் ஊர் 1600 காரரும் எங்கள் ஊர் 1600 காரரும் சமமா?


கணக்குவாத்தி

நல்ல கேள்வி. இல்லை. இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் நீர்மட்டக் கம்பு இருக்கிறது. இரண்டிலும் 20 அடி என்று காட்டினால் இரண்டு குளத்துத் தண்ணீரும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று யாராவது சொல்வார்களா? அந்தந்தக் குளத்தின் அடியிலிருந்து அளந்தது. எங்கள் சராசரி 1500, உங்கள் சராசரி 1500, இரண்டும் நாங்களாக வைத்தது. இரண்டு குழுவும் தங்களுக்குள்ளேயே ஆடினால் நூறு வருடம் போனாலும் ஒப்பிட முடியாது. யு.டி.ஆர். மாதிரிப் பெரிய முறைகளுக்கும் இதே தலையிடி உண்டு. வெளியாரோடு ஆடாத கழகத்தின் எண்கள் தனித் தீவாகக் கிடக்கும்.

வாய்க்கால் வெட்ட வேண்டும். நாலு பேரை அனுப்புங்கள், நாங்கள் நாலு பேர் வருகிறோம். ஏ9 வீதியில் ஒன்றரை மணித்தியாலம். அனுப்புகிற நாலு பேரும் கெட்டிக்காரராக இருக்கத் தேவையில்லை. மேலே ஒருவர், நடுவில் இருவர், கீழே ஒருவர் என்று கலந்து அனுப்பினால்தான் அளவு சரியாக வரும்.

வயல்காரர் விசயத்துக்கும் இதிலேயே வழி இருக்கிறது. ஆடாத மாதத்துக்கு எண்ணைக் குறைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். திரும்பி வந்து ஆடுகிற முதல் ஐந்து ஆட்டத்துக்கு 16க்குப் பதிலாக 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போ பழைய இடத்துக்கோ புதிய இடத்துக்கோ கெதியாகப் போய்ச் சேர்வார். எதிராளிக்கு வழமையான 16தான், 33,000 கொஞ்சம் ஆடும், பரவாயில்லை. ஆள் மறந்துபோனாரா என்று எனக்குத் தெரியாது, தெரியாததற்குத் தண்டனை எதற்கு?


பாலைப்பழம்

எண்ணைப் பலகையில் ஒட்டுவீர்களா? ஒட்டினால் 1380 என்று தன் பேருக்கு நேரே பார்க்கிற ஆள் அடுத்த கிழமை வருவாரா என்று யோசியுங்கள். எங்களில் ஒருவர் போன வருடம் 22ஆம் இடம் என்று பார்த்துவிட்டுத்தான் வராமல் நின்றார். வேலை என்று சொன்னார். வேலை இல்லை.


ஸ்கார்பரோசித்தப்பா

அதனால்தான் அமெரிக்காவில் நூறில் ஒரு பங்குக் கணக்கை உள்ளே வைத்துக்கொண்டு, வருட முடிவில் 3.0, 3.5 என்று மட்டும் வெளியே விடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன் பிள்ளை. 3.0 என்று சொல்வதில் ஒருவருக்கும் வெட்கமில்லை, பக்கத்தில் ஆயிரம் பேர் நிற்பார்கள்.


இரட்டைப்பிழை

ஒளித்து வைத்தால் கச்சான் அண்ணை தன் ஆட்களுக்குக் கூட்டிப் போடுகிறார் என்று கதை வரும். கொப்பி மேசையில் இருக்கட்டும். பார்க்க விரும்புகிறவர் பார்க்கட்டும். பலகையில் பெட்டியை மட்டும் ஒட்டுவோம்.

பெட்டி என்றால் இது: 22 பேரையும் எண்ணின்படி நாலு பெட்டியாகப் பிரிப்பது. ஐந்து, ஐந்து, ஆறு, ஆறு. பெட்டிக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். முடிவில் மேல் இரண்டு பேர் மேல் பெட்டிக்கு, கீழ் இரண்டு பேர் கீழ் பெட்டிக்கு. ஐந்து பேர் பெட்டியில் 10 ஆட்டம், ஆறு பேரில் 15. மொத்தம் 50. ஒரு கோர்ட், மின்வெளிச்சத்தில் ஒரு பின்னேரத்துக்கு இரண்டு ஆட்டம், ஆக 25 நாள். சோளகக் காற்றையும் கல்யாணவீட்டையும் கழித்தால் இரண்டு மாதம் வேண்டும். ஆண், பெண் பிரிவு இல்லை. பாலைப்பழம் அக்கா என்னுடைய பெட்டிக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


முறிகண்டிக்கச்சான்

கூட்டம் வைத்து முடிவெடுத்தோம். எழுதுகிறேன், பிறகு யாரும் மாற்றிக் கதைக்கக்கூடாது.

சீட் போடுவது வாத்தியாரின் எண்ணை வைத்து மட்டும். பருவக் கிண்ணம் சிறந்த நாலு முடிவின் கூட்டலுக்கு. பைக்குப் புள்ளி இல்லை. தட்டிவான் அண்ணை கேட்டதற்காக, அதிக நாள் வந்தவருக்குத் தனியாக ஒரு பரிசு. அதை முதல் ஆளாகக் கைதூக்கி ஆதரித்தவர் வங்கிக்காரர். அதிபர் சேர் பாரிஸ்காரரின் சலுகைக் கதையைக் கேட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு போட்டி வைக்கச் சொன்னார். 100 வித்தியாசத்துக்கு ஒவ்வொரு கேமிலும் எளியவர் 15இல் தொடங்கலாம், 200க்கு 30. லொறிக்கார அண்ணைக்கு எதிராக 30-0இல் தொடங்கி ஒரு செற் எடுத்துவிட்டுத்தான் ராக்கெட்டை வைப்பேன் என்கிறார் சேர்.

பாலைப்பழம் இரண்டாம் பெட்டி. இரட்டைப்பிழைத் தம்பியும் இரண்டாம் பெட்டி.


தட்டிவான்

நடந்ததா இல்லையா? யார் வென்றது?


இரட்டைப்பிழை

நேற்று நடந்தது. 6-4, 3-6, மூன்றாவது செற்றுக்கு நேரமில்லாமல் பத்துப் புள்ளி டைபிரேக், 10-8. அக்காவுக்கு. காற்று என்று சொல்ல மாட்டேன்.

வாத்தியார், டைபிரேக்கில் வந்த தோல்விக்கும் முழுப் 16ஐயும் கழிப்பீர்களா, பாதியைக் கழிப்பீர்களா?


கணக்குவாத்தி

அக்கா உன்னை விட 12 எண் கீழே இருந்தார். ஆகவே 17.